மிளகு மரத்தடியில் குப்புறப் படுத்தேன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் எங்கள் மலையில், எடப்புளி நாட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், மிளகு பறிக்க மரம் ஏறுவதில் எனக்கு இணையாக இன்னொரு ஆளைச் சொல்ல மாட்டார்கள். கால் வைக்கக் கணுவை மட்டும் விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கில்தான் எங்கள் ஏணி. அதை மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துக் கட்டி, உச்சியில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் உருவுவேன். முந்நூறு மரம், அத்தனையும் நானே குழி எடுத்து வைத்தது. இன்னொருவன் கால் அதில் பட்டதில்லை.

அறுபத்து நாலாம் வயதில் முதுகில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. வந்தது போகவேயில்லை, கால் வரைக்கும் இழுத்தது. தைலம் தேய்த்தேன், இடுப்பில் பட்டை கட்டினேன், சோளக்காடு ஊர் மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரையெல்லாம் விழுங்கினேன். அடுத்த தை மாதம் ஏணியில் மூன்றாவது கணுவிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. என் சம்சாரம்தான் கீழே நின்று ஒவ்வொரு காலாகப் பிடித்து இறக்கினாள்.

"ஏனுங்க, அடுத்த வருசம் மரத்தையெல்லாம் குத்தகைக்கு உட்டுறலாமுங்க."

"எம்மரத்துல இன்னொருத்தன் ஏர்றதா? அதுக்கு வெட்டிச் சாச்சுப்புடுவேன்."

"வெட்டறதுக்கும் குனியோணுமில்லீங்க?" என்றாள். கடைசியில் மார்கழி வரைக்கும் எனக்குத் தவணை கொடுத்தாள். அதற்குள் முதுகு சரியாகாவிட்டால் குத்தகைதான்.

எங்கள் மலை ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் கீழேயிருந்து பஸ் ஏறி ஒரு பிசியோதெரபி அம்மணி வருவார். சின்ன வயசு. அவரிடம் போனேன். நாள் முழுக்க என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சாமைக்குக் களை எடுப்பது, மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, உதிர்ந்த மிளகு பொறுக்குவது என்று பெருமையாக அடுக்கினேன்.

"போதாததுக்கு, டிவியில பாத்துட்டுத் தெனமும் நூறு தடவ குனிஞ்சு காலத் தொடறேன் கண்ணு."

அம்மணி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பொழுதுக்கும் குனியறீங்க. வலிக்கு மருந்தும் குனியறதுதானுங்களா ஐயா?"

குப்புறப் படுத்து, உள்ளங்கையை ஊன்றி, இடுப்பு தரையை விட்டு எழாமல் நெஞ்சை மட்டும் மேலே தூக்க வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை. அவ்வளவுதானாம். முந்நூறு மரம் ஏறியவனுக்கு இதெல்லாம் ஒரு பயிற்சியா? வீட்டுக்கு வந்து களத்தில் படுத்து, முதுகு மேல் அரை மூட்டை சாமையை ஏற்றிக்கொண்டு ஐம்பது போட்டேன். மறுநாள் திண்டாடித்தான் எழுந்தேன்.

அடுத்த வாரம் சம்சாரமும் கூடவே வந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"மூட்டை வெக்கச் சொன்னது யாருங்க ஐயா?"

"நாந்தான் கண்ணு."

"முதுகு நல்லா நிமிரோணும், அவ்வளவுதானுங்க. பத்துன்னா பத்து. மூட்டையெல்லாம் வேண்டாம்."

ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டுவிட்டால் பிறகு என்னை அசைக்க முடியாது. குனிந்து காலைத் தொடுவதை விட்டேன். பத்துக்கு மேல் ஒன்று போட்டாலும் சம்சாரம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிடுவாள். ஆடி போய் ஆவணி வந்தபோது கால் வரைக்கும் இழுத்த வலி முதுகோடு நின்றது. ஐப்பசியில் அதுவும் அடங்கியது. மார்கழியில் ஏணியை எடுத்துத் துடைத்தேன். சம்சாரம் பார்த்தாள், குத்தகைப் பேச்சையே எடுக்கவில்லை.

நாலு மரத்துக்கு ஒரு தடவை இறங்கிப் படுத்துப் பத்துப் போட வேண்டும் என்பது அம்மணியின் கட்டளை. தை மாதம் முதல் நாள் பறிப்பில் நாலு மரம் முடித்து மரத்தடியில் குப்புறப் படுத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டார்.

"ஐயோ, மரத்துலிருந்து உழுந்துட்டாருடோய்!"

நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு ஓடி வந்தார்கள். நான் எண்ணிக்கையை விடவில்லை.

"உசுரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க," என்றாள் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்த சம்சாரம். "இன்னும் ரெண்டு பாக்கி."

பத்தை முடித்து எழுந்தேன். அவர்கள் கட்டிலைப் பிடித்தபடியே நிற்க, ஐந்தாவது மரத்தில் ஏணியைச் சாய்த்து ஏறினேன்.