முனாஸின் பிறைக் குரல்

என் தங்கச்சி ரிப்காவின் புருசன் முனாஸுக்கு நல்ல குரல். இதை எங்கள் ஊர் கிண்ணியாவில் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் எல்லாருக்கும் பயம். எங்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து, அதாவது மரணச் செய்தி, அறிவிப்பவர் அவர்தான். "ஓர் ஜனாஸா அறிவித்தல்" என்று அவர் தொடங்கினால், குசினியில் தேங்காய் துருவுகிற கை அப்படியே நிற்கும். அது சம்பளமில்லாத வேலை. குரலுக்காகக் கேட்டார்கள், செய்கிறார்.

சம்பளத்துக்கு உழைத்தது கட்டாரில். மகள் ஸல்ஹா பிறந்ததையும் அங்கிருந்து போனில்தான் பார்த்தார். பிள்ளை கதைக்கத் தொடங்கிய காலத்தில், வாப்பா எங்கே என்று யாராவது கேட்டால் போனைத் தூக்கிக் காட்டி, "இதுக்குள்ள" என்பாள். எங்களுக்கு ஒரே சிரிப்பு. ஒப்பந்தம் முடிந்து முனாஸ் வந்த பிறகும் அவள் அதையே செய்தாள். மனுசன் கதிரையில் இருக்கிறார், பிள்ளை போனைக் காட்டுகிறாள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இனிப் போவதில்லை என்று அவர் முடிவெடுத்தது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன்.

முடிவெடுத்தால் போதுமா, வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? திருகோணமலை டவுன் வரைக்கும் அலைந்து பார்த்தார். சரிப்பட்டு வரவில்லை. கட்டாருக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் வேறு, புதிய விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். விசா வருவதற்குள் இங்கே ஒரு வழி பிறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். அப்போதுதான் இணையத்தில் வேலை கொடுப்பவர்களும் தேடுபவர்களும் கூடுகிற அந்தச் சந்தையை யாரோ அவருக்குச் சொன்னார்கள். விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கவும் அதில் ஆள் தேடுகிறார்களாம்.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள், அடுத்த வளவில் இருக்கிறவள். ஆகவே அவருடைய புரொபைல் என் தலையில் விழுந்தது. அவர் எழுதிக்கொண்டு வந்ததில் வாப்பா பெயர், உம்மா பெயர், படித்த பள்ளிக்கூடம், குடும்பம் நல்ல குடும்பம் என்பது எல்லாம் இருந்தது. என்ன வேலை செய்வார் என்பது மட்டும் இல்லை. கலியாணம் பேசுகிறீர்களா, வேலை தேடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் வெட்டித் திருப்பி எழுதிக் கொடுத்தேன்.

விண்ணப்பங்கள் போயின. பதில் ஒன்றும் வரவில்லை. முன்னர் வேலை கொடுத்தவர்கள் நல்லபடியாக எழுதியிருந்தால்தான் அங்கே புதியவர்கள் வேலை கொடுப்பார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே எழுதுவதற்கு? இதை எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தானோ தெரியாது, எனக்கு அவன்மேல் நல்ல கோபம்.

மாதிரிக்கு ஒரு கேக் கடை விளம்பரத்தைப் பதிவு செய்து போடலாம் என்றார் முனாஸ். றோட்டில் மீன்காரரின் ஹோர்ன், முற்றத்தில் சேவல். சத்தத்துக்குப் பயந்து, உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தார். வெளியே வந்து, வியர்வை வழிய, அதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸைனுலாப்தீன் காக்கா தொப்பியைப் போட்டுக்கொண்டு படலைக்கு வந்துவிட்டார்.

"ஆரு மகன் மௌத்து?"

கேக் கடை விளம்பரம் என்று முனாஸ் சொன்னார். நானும் ரிப்காவும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. ஆனால் வேறு பதிவு இல்லாததால் அதையே போட்டுவிட்டார்.

அதற்குத்தான் முதல் பதில் வந்தது. கனடாவில் தமிழ்க் கடைகளுக்கு வானொலி விளம்பரம் செய்து கொடுக்கிற நிவேதிகா என்ற பிள்ளை. இலங்கையின் கிழக்குப் பக்கத்துக் குரல் ஒன்று தேடுகிறாளாம். "குரல் நல்ல வடிவு அண்ணா. ஆனா அம்மா கேட்டுட்டு, ஆர் மோசம் போனது, செத்தவீட்டு அறிவித்தலோ எண்டு கேக்கிறா. கொஞ்சம் சந்தோசமா வாசிச்சு இன்னொருக்கா அனுப்ப ஏலுமா?" என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்கே ஏஜென்சிக்காரரும் போன் எடுத்தார். விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். ரிப்கா ஸல்ஹாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இறக்காமலே திரிந்தாள்.

முனாஸ் சந்தோசமாக வாசிக்கப் பார்த்தார். பல்லைக் காட்டிக்கொண்டே வாசித்தார், அது மௌத்து வீட்டில் சிரித்தது போலிருந்தது. வேகமாக வாசித்தார், பஸ் கொண்டக்டர் ஆள் ஏற்றுவது போலிருந்தது. எனக்குத் தெரிந்த புத்தி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். மனுசன் சோர்ந்துபோய்க் கட்டிலில் இருந்துவிட்டார்.

அலுமாரியில் இருந்து எடுத்துப் போட்ட உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்த ரிப்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க மௌத்து மட்டுமா அறிவிக்கிற? பெருநாள் பிறையும் நீங்கதானே சொல்லுற. அந்தக் குரல்ல வாசிங்களன்."

எனக்கே அது மறந்து போயிருந்தது. அதே பள்ளிவாசல், அதே மைக், அதே மனுசன்தான். பெருநாள் பிறை கண்டாகிவிட்டது என்று அறிவிக்கும்போது அவருடைய குரல் வேறு. சொல்லுக்குச் சொல் துள்ளும். கடைசிச் சொல்லை இழுத்து விடுவதற்குள் ஒழுங்கையில் பிள்ளைகள் கூச்சல் போடத் தொடங்கிவிடுவார்கள்.

முனாஸ் எழும்பினார். ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். அலுமாரிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது. கேக்குக்கும் பட்டர் பிஸ்கட்டுக்கும்தான், ஆனால் எனக்கு நாளைக்குப் பெருநாள் போல நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை அவர் ஸ்பீக்கரில் போட்டபோது ஒழுங்கைப் பிள்ளைகள் படலைக்கு ஓடி வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஒன்றிரண்டு பேர் வானத்தைப் பார்க்கிறார்கள். பின்னால் ஸைனுலாப்தீன் காக்கா, இந்தமுறை தொப்பி இல்லாமல், முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார்.

"ஏன் எண்டு தெரியா மகன், வெளியில வந்துட்டன்."

நிவேதிகாவுக்கும் அது பிடித்துவிட்டது. அந்த விளம்பரத்தோடு நிற்காமல், தன்னிடம் வருகிற மற்றக் கடைகளுக்கும் கிழமை தவறாமல் குரல் வேண்டும் என்றாள். கேட்காமலே அந்தச் சந்தையில் முனாஸைப் பற்றி நாலு நல்ல வரியும் எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த முனாஸ், சட்டையைக்கூட மாற்றாமல் ஏஜென்சிக்காரருக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னார். ரிப்கா குசினிக்குள் போய் அழுதாள். நானும் கூடப் போய் அழுதேன். சந்தோசத்துக்கு அழுவதில் என்ன வெட்கம்?

அந்த நாலு வரியைப் பார்த்து வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். அலுமாரியின் ஒரு பக்கம் இப்போது முனாஸ் வேலை செய்கிற கந்தோர். ரிப்காவின் உடுப்புகள் என் வீட்டு அலுமாரிக்கு வந்துவிட்டன. எனக்குத்தான் இடமில்லை.

போன கிழமை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், வாசலில் நின்ற ஸல்ஹாவிடம் வாப்பா எங்கே என்று சத்தமாகக் கேட்டார். மேசையில் போன் இருந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாயில் விரலை வைத்து அவரை அடக்கினாள்.

"வாப்பா வேலைக்குப் போயிட்டார்," என்று மெதுவாகச் சொல்லி, அறைப்பக்கம் கையைக் காட்டினாள். "அலுமாரிக்குள்ள."