நூறு கிலோமீட்டரில் நடுங்கும் ஸ்டீயரிங்

ஆயுத பூசை முடிந்த திங்கட்கிழமை காலை, புக்கிட் ராஜா டோலைத் தாண்டி ஹைவேயில் வேகம் எடுத்தபோது ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பெரிய நடுக்கம் இல்லை. மாவு அரைக்கும் கிரைண்டர் ஓடும்போது அதன் மேல் கை வைத்தால் தெரியுமே, அந்த அளவு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பத்திரிகையில் இருபது வருடம் செய்தி திருத்திவிட்டு, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆவணங்களைச் சரிபார்க்கும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். கிள்ளானிலிருந்து நானே கார் ஓட்டிப் போய் வருவதை வீட்டில் மூன்று மாதம் விவாதித்து, ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஏதாவது பிரச்சினை வந்தால் தொழிற்சாலை வேனில் போக வேண்டும். வேன் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி, எட்டுத் தாமான் குடியிருப்புகளில் ஆள் ஏற்றிக்கொண்டு போகும்.

கணவர் உடனே காரை எடுத்துப் போய்ச் சோதித்தார். எங்கள் தாமானைச் சுற்றி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில்.

"ஒண்ணும் இல்லையே."

"ஹைவேல போய்ப் பாருங்க."

"இங்க நல்லா ஓடுற கார் ஹைவேல மட்டும் நடுங்குதுன்னா, அது காரோட பிரச்சினை இல்ல."

ஞாயிற்றுக்கிழமை சுபாங் ஜெயாவிலிருந்து கொழுந்தன் வந்தார். கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. அவருடைய காரின் ஏர்கான் ஒரு வருடமாக வேலை செய்யாததால், ஜன்னல்களை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அலைன்மென்ட் அவுட் லா, அண்ணி."

"அப்படின்னா ஒரு பக்கமா இழுக்கணுமே. கைய விட்டாலும் நேராத்தான் போகுது."

"கைய விட்டீங்களா?" என்று அவர் கேட்டார். "கைய விட்டியா?" என்று கணவரும் கேட்டார். அதற்குப் பிறகு அன்று யாரும் காரைப் பற்றிப் பேசவில்லை, என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

பக்கத்து வீட்டு அங்கிள் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பிரேக் டிஸ்க் வளைந்திருக்கிறது என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார். பிரேக் போடும்போது நடுங்கவில்லை, போடாதபோதுதான் நடுங்குகிறது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "புதுசா ஹைவே ஓட்டுற பொம்பளைங்க ஸ்டீயரிங்க கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிப்பாங்க, மா. அது நடுங்காம என்ன செய்யும்?" கண் பட்டுவிட்டது என்று மாமியார் முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். அது மறுநாள் பாதி வழியில், சுங்கை பூலோ வரைக்கும் தாங்கியது.

நான் நான்கு நாள் கவனித்து எழுதி வைத்தேன். தொண்ணூற்றிரண்டில் ஆரம்பிக்கிறது. நூறில் மோசம். நூற்று எட்டைத் தாண்டினால் குறைகிறது. ஸ்டீயரிங் மட்டும்தான், சீட் நடுங்கவில்லை. மழையிலும் அதேதான். அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஆறு பேர் தினமும் திறந்து மூடும் ஃபிரிட்ஜ் அது. தண்ணீர் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது கணவர், "வேன்காரர்கிட்ட பேசிட்டேன். திங்கட்கிழமையிலருந்து ஒரு சீட் இருக்காம்" என்றார். எனக்கு ஒரு நல்லது செய்துவிட்ட முகம்.

"நாளைக்கு டயர் கடைக்குப் போறேன்" என்றேன்.

"நானும் வரேன். உன்னை ஏமாத்திடுவாங்க."

கடையில் அவரே பேசினார். அலைன்மென்ட், டிஸ்க், நான் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் விதம், மூன்றையும் வரிசையாகச் சொன்னார். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, எத்தனை கிலோமீட்டர்ல நடுங்குது?"

பன்னிரண்டு நாளில் யாரும் கேட்காத கேள்வி. எண்களைச் சொன்னேன்.

"சீட் நடுங்கலன்னா முன் சக்கரம். பேலன்சிங் பார்ப்போம்."

இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றி, ரிம்மின் உள்பக்கத்தைக் காட்டினார். சுண்டுவிரல் அகலத்தில் பசையின் தடம். "இங்க ஈயத் துண்டு ஒட்டியிருக்கும். சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே கனமா சுத்துறதுக்கு. ரெண்டுலயுமே இல்ல. தானா விழல, யாரோ சுரண்டியிருக்காங்க." ஒரு தடத்தில் நகத்தால் கீறினார். பசைக்கு மேல் காய்ந்த சந்தனம் உதிர்ந்தது.

பூசையன்று காலை கணவர் முக்காலி போட்டு உட்கார்ந்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் ரிம்களைத் தேய்த்தார். கம்பிகளுக்குப் பின்னால் ஏதோ சாம்பல் நிற அழுக்குப் பட்டை என்று தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்து, அந்த இடத்திலும் சந்தனப் பொட்டு வைத்தார். பின் சக்கரங்களுக்கு வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துவிட்டது. நான் தேநீர் கொண்டுபோனபோது வாளியில் அந்தப் பட்டைகளைப் பார்த்தேன். ரிம் பளிச்சென்று இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

"கார் வாஷ்ல செஞ்சிருப்பாங்க" என்றார் கணவர்.

"நம்ம காரை கார் வாஷுக்கு விட்டதே இல்லையே."

"வருஷா வருஷம் பூசை முடிஞ்சா இப்படி சில கார் வரும், அக்கா" என்றார் கடைக்காரர், சக்கரத்தை மெஷினில் மாட்டிக்கொண்டே. "நடுங்குதுன்னு சொல்லுவாங்க. சுரண்டினேன்னு மட்டும் யாரும் சொன்னதில்ல."

கணவர் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, எதற்கும் பிரேக் டிஸ்க்கையும் பார்த்துவிடச் சொன்னார். டிஸ்க் நன்றாக இருந்தது.

ஹைவேயில் ஷா ஆலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். தொண்ணூற்றிரண்டு. நூறு. ஸ்டீயரிங் அசையவில்லை. கணவர் தம்பிக்கு போன் போட்டார்.

"பேலன்சிங்தான்டா. நான் அப்பவே நினைச்சேன். ஆமா, சரி பண்ணிட்டேன். அண்ணியும் இப்ப நல்லா புடிச்சு ஓட்டுறா."

முடிக்கும்வரை காத்திருந்தேன். "அப்படியே வேன்காரருக்கும் ஒண்ணு போட்டுடுங்க. திங்கட்கிழமை சீட் வேண்டாம்னு."

"வீட்டுக்குப் போய் மெசேஜ் பண்றேன்."

நான் நூறிலேயே போனேன்.

"ஏய், ஷா ஆலம் எக்சிட் போயிடுச்சு."

"அடுத்தது சுபாங். அதுக்குள்ள பேசிடலாம்."

பேசினார்.