மூன்றாவது ஒட்டு

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் டெய்லரிடம் சட்டை தைத்ததில்லை. ஹட்டனில் டெய்லர் கடைகள் உண்டு. ஆனால் அங்கே கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓர் ஆண் நிற்பார். அவர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க அக்காவாலும் முடியாது, என்னாலும் முடியாது. அதனால் சேலைக்குப் போடும் சட்டைகளை நாங்களே வெட்டி நாங்களே தைத்துக்கொண்டோம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அக்கா அதுவும் இல்லை. கத்தரிக்கோல் பிடிக்க அது போதும்.

அளவுப் பேப்பர் என்று நாங்கள் சொல்வது சீமெந்துப் பையின் உள்தாளை. அதைத் தட்டித் துடைத்து, பாய்க்கு அடியில் வைத்து நிமிர்த்திக்கொள்வோம். உடம்புக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய சட்டையைப் பிரித்து, அதை மேலே வைத்துத் தாளை வெட்டுவோம். பின்பக்கத்துக்கு ஒன்று, முன்பக்கத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. முன்பக்கத்துக்கு ஒரு பேப்பர்தான். துணியை இரண்டாக மடித்து அதன் மேல் வைத்து வெட்டினால் இடதும் வலதும் சேர்ந்தே வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே உடம்புதானே.

உடம்பு பெருத்தால் புதுப் பேப்பர் வெட்டுவதில்லை. விரல் அகலத்தில் ஒரு துண்டுத் தாளைச் சோற்றுப் பசையால் ஓரத்தில் ஒட்டிக்கொள்வோம். அதற்கு ஒட்டு என்று பெயர். ஒரு பெண்ணின் பேப்பரைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குப் பிறகு எவ்வளவு பெருத்தாள் என்று தெரிந்துவிடும். அதனால் அதை நாங்கள் யாருக்கும் காட்டுவதில்லை. அக்காவும் நானும் ஒரே கை மெசினில் தைத்தோம். ஆனால் அவளுடைய பேப்பரை நான் பார்த்ததில்லை, என்னுடையதை அவள் பார்த்ததில்லை.

அக்கா செத்து இருபது வருடம் இருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை அறைகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்தது அவளுடையது. கடைசியாக அவள் தைத்த சட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண் நிறச் சீத்தைத் துணி, அதில் காம்போடு நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூக்கள். ஆனால் இடது பக்கத்தில் மட்டும் எல்லாப் பூவும் தலைகீழாகத் தொங்கின. அவ்வளவு சுத்தமாக வெட்டுகிறவள் அப்படிப் பிழை விட்டதை நான் பார்த்ததே இல்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏன் புள்ள, ஒங்க காம்பராவுல பூவெல்லாம் தரையப் பாத்துத்தான் பூக்குமா?"

"மேல பாத்தா கண்டாக்கு மூஞ்சிதான் தெரியுது. அதான் பாவம், கீழ பாக்குது" என்றாள் அக்கா. கண்டாக்கு மலை மேலே நின்று எங்களை விரட்டுகிற உத்தியோகத்தர். அவருக்குக் கேட்டிருக்கும். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

அந்தச் சட்டையோடுதான் அவளைப் புதைத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் பிந்திவிட்டது என்றார்கள். என்ன வருத்தம் என்று என் அண்ணனிடம் சொன்னார்கள். அவன் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவளுடைய துணிகளை வழக்கப்படி எடுத்துப் போட்டுவிட்டோம். பேப்பர் சுருளை யாரும் துணியாக நினைக்கவில்லை. அது என் தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது.

போன தீபாவளிக்கு என் மருமகள் துணி வாங்க ஹட்டனுக்குப் போனாள். என் மகன் கொழும்பில் வேலை. வீட்டில் அவளும் நானும்தான். எனக்கு எது வாங்கினாலும் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் பையிலிருந்து துணியை எடுத்து உதறினாள். மண் நிறம். காம்போடு நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூக்கள்.

"என்ன மாமி, புடிக்கலையா?"

"எங்க எடுத்த?"

"வழக்கமா எடுக்குற கடையிலதான். பழைய டிசைன் திரும்ப வந்திருக்குன்னு கடைக்கார நானா சொன்னாரு. வயசானவங்களுக்கு எடுப்பா இருக்கும்னாரு."

மண்ணுக்குள் போட்ட துணி மடிப்புக் கலையாமல் என் மடியில் கிடந்தது. புதுத் துணியின் கஞ்சி வாசம் கூட வந்தது. ஆனால் பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் பேப்பரை வைத்து, பூவெல்லாம் மேலே பார்க்கும்படி கவனமாக வெட்டித் தைத்தேன்.

போட்டுப் பார்த்தால் இடது கைக்குழி இறுக்கியது. வலது பக்கம் சரியாக இருந்தது. தையல்தான் பிழை என்று பிரித்துத் திரும்பத் தைத்தேன். அப்போதும் அதே இறுக்கம். பழைய சட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடது பக்கம் மட்டும் பிடித்தது. அக்குளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடிப்பு இருப்பது அன்றைக்குத்தான் விரலுக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஒட்டுப் போடலாம் என்று தாள் தேடினேன். வீட்டில் சீமெந்துத் தாள் இல்லை. அப்போதுதான் அக்காவின் சுருள் ஞாபகம் வந்தது. ஓரத்தில் ஒரு துண்டு கிழித்துக்கொள்ளலாம் என்று எடுத்துப் பிரித்தேன்.

அதில் முன்பக்கத்துக்கு இரண்டு பேப்பர் இருந்தன.

வலதுக்கு ஒன்று, இடதுக்கு வேறு ஒன்று. இடது பேப்பரில் கைக்குழியைச் சுற்றி ஒன்றன் பின் ஒன்றாக மூன்று ஒட்டுகள். பிறகு என் பேப்பரை அதன் மேல் வைத்தேன். எனக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் முதல் ஒட்டு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மிச்சத் துணியில் இடது பக்கத்தை மட்டும் புதிதாக வெட்டினேன். துண்டுத் துணிதானே, எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே ஒரு வழியில்தான் பேப்பர் அடங்கியது. தைத்து முடித்துக் கையில் தூக்கிப் பார்த்தபோது மருமகள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ மாமி, இந்தப் பக்கம் பூவெல்லாம் தலைகீழா நிக்குதே! கண்ணாடி போடாம தச்சீங்களா?"

நான் பிடித்துக்கொண்டிருந்தது அக்காவின் சட்டை. அவள் பிழை விடவில்லை என்பது இருபது வருடம் கழித்து எனக்குப் புரிந்தது. நான் செய்ததைத்தான் அவளும் செய்திருக்கிறாள். ஒரு பக்கத்தைப் பிரித்து, மிச்சத் துணியில் வெட்டி, எல்லோரும் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

பொங்கலுக்கு முன்னால் அந்தச் சட்டையும் இறுக்கியது. எனக்கு இரண்டாவது ஒட்டு தேவைப்பட்டது. அக்காவின் பேப்பரில் வைத்து அளந்து பார்க்கவே பயமாக இருந்தது. அளந்தேன். சரியாக இருந்தது.

அன்றைக்குத்தான் பேப்பரின் ஓரங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துணியில் அளவு போடும்போது பேப்பர் ஓரத்தில் சோக்குப் பொடி ஒட்டும். முதல் ஒட்டின் ஓரத்தில் சோக்கு இருந்தது. இரண்டாவதின் ஓரத்திலும் இருந்தது. மூன்றாவது ஒட்டு சுத்தமாக இருந்தது. அக்கா அதை ஒட்டி வைத்திருக்கிறாள், அதை வைத்துத் துணி வெட்டவில்லை. மண்ணுக்குள் போன சட்டை இரண்டாவது ஒட்டில் வெட்டினது. இன்னொன்றும் பார்த்தேன். சோற்றுப் பசையைப் பூச்சி விடாது. முதல் இரண்டு ஒட்டுகளையும் பூச்சி அரித்திருந்தது. மூன்றாவதை மட்டும் தொடவில்லை.

நானும் இப்போது இரண்டாவது ஒட்டில் நிற்கிறேன் என்று அன்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கூப்பிடுகிறாளா, வராதே என்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. இப்போது எழுதும்போது அது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்போது அப்படித்தான் இருந்தேன்.

இரண்டாவது ஒட்டின் அளவில் இடது பக்கத்தைத் திரும்ப வெட்டித் தைத்த சட்டையைத் துவைத்து லயத்துக்கு முன்னால் கொடியில் போட்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மலையிலிருந்து மூட்டம் இறங்கி, எதிர்த்த தேயிலையை மறைத்துவிட்டது. கொடியில் சட்டை மட்டும் தெரிந்தது. காற்று அதற்குள் புகுந்தது. சட்டை மெதுவாக நிரம்பியது. முதலில் இடது பக்கம்தான் நிரம்பியது. வலது பக்கம் சப்பையாகவே இருக்க, இடது பக்கம் மட்டும் உருண்டு, யாரோ அந்தப் பக்கக் கையைத் தூக்கிக் காட்டுவது போல இருந்தது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். மூட்டத்துக்குள்ளிருந்து என் மருமகள் கொழுந்துக் கூடையோடு வந்தாள். சட்டையைக் கொடியிலிருந்து உருவினாள். மடிக்கப் போனவள் நிறுத்தினாள்.

"மாமி, இந்தப் பக்கக் கைக்குழி மட்டும் ஏன் இவ்ளோ பெருசு?"

உள்ளே போய்ப் பேப்பரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். யாருக்கும் காட்டாத பேப்பர். அவளுக்குத் தைக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"அக்காவோடது."

"அப்ப சட்டை?"

"என்னோடது."

அவள் கூடையை இறக்கிவைத்தாள். "எப்ப இருந்து?"

"தீவாளிலருந்து."

"தீவாளிலருந்தா? பொங்கலும் போச்சு! பூவு தலைகீழா நிக்குதுன்னு நான் சிரிச்சப்ப வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாது? நாளைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஆம்பள டொக்டரா இருந்தா?"

"இருந்தா நீங்க கண்ண மூடிக்குங்க. நான் அவரப் பாத்துக்குறேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியும் இப்படித்தான் பேசினாள்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது பேப்பரைச் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று அவள் கேட்கவில்லை. அங்கே இருந்தது ஒரு பெண் டொக்டர், சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம் பேசினார்.

"அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

மருமகள் பதில் சொல்லப் போனாள். டொக்டர் கையைக் காட்டி, அம்மாவே சொல்லட்டும் என்றார். நான் தரையைப் பார்த்தேன். வெளியே வரிசையில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பையிலிருந்து பேப்பரை எடுத்து மேசையில் விரித்தேன். அது சுருண்டுகொண்டே இருந்தது. டொக்டர் தன் கையால் ஒரு முனையை அழுத்திப் பிடித்தார்.

நான் முதல் ஒட்டைத் தொட்டேன். "இது தீவாளிக்கு." இரண்டாவதைத் தொட்டேன். "இது பொங்கலுக்கு."

டொக்டர் சட்டை தைக்கிற வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். பேப்பரைப் பார்த்த பிறகு என் இடது தோளைப் பார்த்தார். மூன்றாவது ஒட்டில் விரலை வைத்தார்.

"இது எப்ப?"

"அது இன்னும் வரல்ல டொக்டர்."

அவர் எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினார். கையைக் கழுவிச் சூடாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சட்டைக் கொக்கிகளை நானே கழற்றினேன்.

அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரி, ஒப்பரேஷன், கண்டிக்குப் பல தடவைகள் போய் வந்தது. அதையெல்லாம் எழுத எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று ஒரு டொக்டர் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். மீதி எனக்குத் தெரியும்.

இப்போது இடது கை முழுதாக மேலே வராது. மெசின் சுற்றுவது வலது கை, அதனால் தைக்கலாம். என் சட்டைக்கும் இப்போது முன்பக்கத்துக்கு இரண்டு பேப்பர். இடது பேப்பர் வலதை விடச் சிறியது. வெட்டி முடித்து அக்காவின் பேப்பர் மேல் வைத்துப் பார்த்தேன். எந்த ஓரமும் பொருந்தவில்லை. பொருந்தாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஒட்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இருபது வருடப் பசை, நனைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று ஒரு கோப்பையில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நகத்தால் ஓரத்தைத் தொட்டேன். தண்ணீர் தேவைப்படவில்லை. ஒட்டு தானாகவே கையோடு வந்தது. அடியில் பசை ஈரமாக, வெள்ளையாக, காலையில் தடவினது போல் விரலில் ஒட்டியது.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"இந்த மலையில எதுதான் மாமி காயுது?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஒட்டை அடுப்பில் போட்டேன். அது எரிய நேரமெடுத்தது.