காசிராஜன் அண்ணாச்சி மேல் எனக்குள்ள பொறாமை

அந்தச் செய்தி எனக்கு ஆர்டராகத்தான் வந்தது. காலையில் அச்சகத்தைத் திறந்து, மிஷின்களுக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். காசிராஜன் அண்ணாச்சியின் மகன் கதிர் போனில் கூப்பிட்டான். "சித்தப்பா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்" என்றான். "யாருக்குப்பா?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு" என்றான்.

தீபாவளி முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம். மழைக்குப் பின்னால் வந்த டெங்குக் காய்ச்சல் என்று மதுரைக்குக் கொண்டு போயிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம்கூட தேறி வருகிறார் என்றுதான் சொன்னார்கள். நாரணாபுரத்துப் பக்கம் அத்தனை பேருக்கு வேலை கொடுத்த பட்டாசுக் கம்பெனி முதலாளி, ஒரு கொசுவிடம் தோற்றுப்போனார்.

முப்பதாம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுத வேண்டும் என்று கேட்டவனும் கதிர்தான். "மனசுல உள்ளதை எழுதுங்க சித்தப்பா" என்றான். மலரை அச்சடிப்பது என் அச்சகம். ஆகையால் என் பக்கத்தை யாரும் வெட்ட முடியாது. மனதில் உள்ளதையே எழுதுகிறேன். அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொறாமை. துக்கம் அதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு எங்கள் இருவரையும் ஜோடியாகத்தான் தெரியும். அவர் கம்பெனிப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்துக் கொடுப்பவன் நான். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எடையில் மட்டும் ஏறக்குறைய சமம், இருவருமே நூற்று முப்பதைத் தாண்டியவர்கள். கல்யாண வீடுகளில் எங்களைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டு இரும்பு நாற்காலி தேடுவார்கள். இரண்டு பேராக இருக்கும்போது அது கேலியாகத் தெரியாது. தனியாக இருந்தால்தான் மனசு குறுகிப்போகும். அது எனக்கு ஆறு வருடத்துக்கு முன்னால்தான் தெரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சி மதுரையில் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்கு விடுகிற ஆபரேஷன். சர்க்கரை எகிறிப்போய், மூச்சுத் திணறலும் வந்து, டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு போனார். என்னையும் கூப்பிட்டார். "சேர்ந்தே படுத்துக்குவோம் தம்பி, பேச்சுத் துணையா இருக்கும்" என்றார். சீசன் முடியட்டும் என்றேன். சிவகாசியில் சீசன் எப்போது முடிந்திருக்கிறது?

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். இதெல்லாம் ரெண்டு வருசம்தான், அப்புறம் மொத்தமும் திரும்பி வந்துரும். நான் அதை நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அதற்காகக் காத்திருந்தேன் என்பதே சரி. நான்காம் மாதம் அவருக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. எனக்கு அது நல்ல காலம். "பாத்தியா, எளைக்கிறேன்னு போய் மண்டை காலியாகுது" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். அண்ணாச்சி சத்து மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டார். முட்டை, மீன், பயறு என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். வருடம் முடிவதற்குள் முன்னைவிட அடர்த்தியாக முடி வந்து நின்றது.

எடை பார்க்க அவர் என் அச்சகத்துக்குத்தான் வருவார். வீட்டில் வாங்கிவைக்கிற சின்ன மிஷின் எங்கள் காலடியில் முள்ளைத் தொலைத்துவிடும். கழிவு பேப்பர் நிறுக்க நான் வைத்திருக்கும் பெரிய தராசுதான் எங்களுக்குச் சரி. மாதம் பிறந்ததும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டியது நான். மாதா மாதம் என் வாயாலேயே அவர் குறைந்ததைச் சொல்லவேண்டி வந்தது. "நீங்களும் ஏறுங்க தம்பி" என்பார். மிஷினில் பேப்பர் சிக்கிவிட்டது என்று உள்ளே போய்விடுவேன்.

எனக்குத் தராசு மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இப்படியா ஒரு மனிதன் குறைவான்? தராசுக்கு முத்திரை வைக்கிற சமயம், ரிப்பேர்காரரை வரச் சொல்லிப் படிக்கல் வைத்துச் சோதித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தராசு தப்பாத்தான் காட்டுது மொதலாளி" என்றார். என் மனம் குளிர்ந்தது. "ரெண்டு கிலோ கூடக் காட்டுது" என்றார். அதாவது, அண்ணாச்சி நான் படித்துச் சொன்னதைவிடவும் இரண்டு கிலோ இளைத்திருக்கிறார். அதை அவரிடம் சொன்னபோது, "அப்ப இந்த மாசம் சும்மா இருந்தாலும் ரெண்டு கிலோ லாபம்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆபரேஷனால் இளைத்தார் என்கிற வரைக்கும் எனக்குத் தாங்கிக்கொள்ள முடிந்தது. காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கிற விஷயம்தானே என்று ஒரு சமாதானம் இருந்தது. அதையும் அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை. இரண்டாவது வருடம் ஒரு நாள் நான் குத்தலாக, "டாக்டர் புண்ணியத்துல இருக்கீக" என்றேன். அவர் கோபப்படவில்லை. "டாக்டர் வெட்டினது வயித்தை மட்டும்தான் தம்பி. நாக்கு அப்படியே இருக்கு. பசியும் திரும்பி வந்திருச்சு. மொத வருசம் ஆபரேஷன் என்னைப் பாத்துக்கிட்டுச்சு. இப்ப நான்தான் அதைப் பாத்துக்கிடணும்" என்றார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நான் பக்கத்தில் இருந்தே கவனித்தேன். உங்களுக்குத் தெரியும், வெளியூர்ப் பார்ட்டி ஆர்டர் போட்டுவிட்டால் விருதுநகருக்குக் கூட்டிப்போய் எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தருவது நம் பக்கத்து வழக்கம். கூட்டிப்போனவர் கூட உட்கார்ந்து சாப்பிடாவிட்டால் வந்தவருக்குக் கை ஓடாது. அண்ணாச்சி இந்த வழக்கத்தில்தான் கவிழப்போகிறார் என்று நான் எதிர்பார்த்தேன். ஆந்திரா பார்ட்டி ஒருவரோடு போன அன்று நானும் போனேன். அவர் இலையில் ஒரே ஒரு பரோட்டா. முதலில் கோழிக்கறித் துண்டுகளை எடுத்துக்கொண்டார். பிறகு பரோட்டாவில் நகத்தளவு கிள்ளி வாயில் போட்டு, கூழாகும்வரை மென்றார். தண்ணீர் டம்ளரைத் தொடவே இல்லை. வாயில் இருக்கும்வரை பேசவும் மாட்டார். அவர் பேசாததால் அந்த ஆந்திராக்காரர் பேசினார். விலை பிடிக்கவில்லையோ, சரக்கு போதாது என்று நினைக்கிறாரோ என்று அவராகவே சந்தேகப்பட்டு, "இன்னும் ஒரு லோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். மெதுவாக மென்றதற்கு ஒரு லாரி ஆர்டர்! நான் அதற்குள் ஆறு பரோட்டா முடித்திருந்தேன். எனக்கு ஒரு அட்டைப்பெட்டி ஆர்டர்கூட வரவில்லை.

நடையும் அப்படித்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து வேலை நடக்கும் ஷெட்டுகளைப் பாதுகாப்புக்காகத் தள்ளித் தள்ளித்தான் கட்ட வேண்டும். முன்பெல்லாம் அவர் ஆபீஸ் அறையில் உட்கார்ந்துகொண்டு ஃபோர்மேனைக் கூப்பிட்டு விடுவார். ஆபரேஷனுக்குப் பிறகு காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று, ஒரு ஷெட் விடாமல் நடந்து பார்த்தார். அங்கே வேலை பார்க்கும் விஸ்வநத்தத்து மாரியம்மாள் என்னிடம் சொன்னது இது. "மொதலாளி இப்பல்லாம் சத்தமில்லாம வந்து நிக்காக. முன்னெல்லாம் மூச்சு வாங்குற சத்தத்துலயே நாலு ஷெட்டுக்கு முன்னாடி தெரிஞ்சிரும். ஒரு வாய் பேசிச் சிரிக்க முடியல." அவளுக்கு அது புகார். எனக்கு அதுவும் பொறாமை. என் மூச்சுச் சத்தம் கேட்டு என் அச்சகத்தில் இன்றைக்கும் செல்போன்கள் பைக்குள் போய்விடுகின்றன.

இந்த வருடம்தான் எனக்குத் தாங்கமாட்டாமல் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் மதுரைக்குப் போய் அதே ஆபரேஷனுக்கு நாள் வாங்கினேன். என் மனைவி சரசுக்கு மட்டும் தெரியும். அண்ணாச்சியிடம் வேண்டுமென்றே மறைத்தேன். அடுத்த சீசனில் ஒரு நாள் அவர் கம்பெனி வாசலில் போய் இளைத்து நிற்க வேண்டும். அவர் அடையாளம் தெரியாமல், "யாரு வேணும்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நாள் வாங்கினேன். சர்க்கரைக்காக, முழங்காலுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

அதற்குள் போஸ்டர் ஆர்டர் வந்துவிட்டது.

அன்று நடந்த தவறு உங்களில் சிலர் கண்ணில் பட்டிருக்கும். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு மாலை போவதற்கு முன்னால் போஸ்டர் போய்விட வேண்டும். என் ஆபரேட்டர் அவசரத்தில், முன்பு ஏதோ கோயில் கொடைத் திருவிழாவுக்கு அடித்த போர்டிலிருந்து அண்ணாச்சியின் படத்தை எடுத்துப் போட்டுவிட்டான். நானும் கலங்கிப்போய் இருந்ததால் புரூப் பார்க்கவில்லை. ஒட்டி முடித்துவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் சுவரில் பார்த்தேன். இரட்டைத் தாடை, கழுத்தே தெரியாத முகம், சட்டைப் பொத்தான் தெறிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும் பழைய அண்ணாச்சி. காரை நிறுத்தச் சொன்னேன். ஆறு வருடமாக நான் பார்க்காத என் ஜோடி. அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, பொறாமை இல்லாமல், ஓவென்று அழுதேன்.

வீட்டில் அண்ணாச்சியின் மனைவி, என் மதினி, என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். அழுது ஓய்ந்த குரலில், "தம்பி, அந்தப் போட்டோவையா ஒட்டச் சொன்னீக? அம்புட்டுப் பாடுபட்டு எளைச்ச மனுசன். ஒரு வாய் சோத்தைக்கூட ஆசைக்குத் திங்காம இருந்தாக. பழையபடி ஊதிப்போன மொகத்தோடயா அவுகளை வழியனுப்பணும்?" என்றார்கள். நான் அங்கிருந்தே ஆபரேட்டரைக் கூப்பிட்டுப் புதுப் படத்தை அனுப்பினேன். உச்சி வெயிலுக்குள் பழைய போஸ்டர்கள் மேலேயே புதியதை ஒட்டிவிட்டார்கள்.

பாடையைத் தூக்கும்போது நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர், "லேசா இருக்காகளே" என்று மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள். என்னைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்தேன். தெரு முனை தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, சுடுகாட்டுக்குக் காரில் போய்ச் சேர்ந்தேன்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுப் பந்தியில், "ஆபரேஷன் பண்ணி என்னத்தைக் கண்டாரு, போய்ச் சேந்துட்டாரே" என்று ஒருவர் சொன்னார். காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தும், பந்தியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் சரசு கேட்டாள். "ஏங்க, அந்த ஆபரேஷனை வேண்டாம்னு சொல்லிருவோமா? யாருக்குக் காட்டணும்னு நெனச்சீகளோ அவுகளே இல்லை. இனி எதுக்கு இந்த வம்பு?" எனக்கு உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் இளைத்து நின்றால் யார் முகம் மாறும்? ஊரில் வேறு யார் மேலும் எனக்குப் பொறாமை கிடையாது.

போன வாரம் மதுரைக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசும் டயட்டீஷியன் பெண், எனக்கு முன்னால் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்காகப் பண்ணிக்கிறீங்க? உள்ளதைச் சொல்லுங்க. அந்தக் காரணம் வாழ்நாள் பூரா கூட இருக்கணும். இல்லேன்னா எடை திரும்பிடும்." ஒருவர் முழங்கால் என்றார். ஒரு அம்மா, மகள் கல்யாணம் என்றார். என் முறை வந்தது. "ஒருத்தர் மேல பொறாமை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே, "அவரும் பண்ணிக்கிட்டவரா? இப்ப எப்படி இருக்காங்க?" என்றாள். "இறந்துட்டாரும்மா" என்றேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப அந்தக் காரணம் போயிடுச்சே சார்" என்றாள்.

ஆமாம் என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். சொல்ல வாய் எடுத்தபோதுதான் எனக்கே புரிந்தது. அண்ணாச்சி உயிரோடு இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் அவருக்கு எடை திரும்பியிருக்கும் என்ற நப்பாசை எனக்கு மிச்சம் இருந்திருக்கும். ஒரு தீபாவளிக்கு ஒரு தட்டு அல்வாவில் அவர் வழுக்கியிருக்கலாம். நானும் நிம்மதியாக வழுக்கியிருப்பேன். அந்த வாய்ப்பை அவர் எனக்குத் தரவே இல்லை. ஜெயித்த நிலையிலேயே போய்விட்டார். இனி அவர் ஒரு கிலோகூட ஏறப்போவதில்லை. நான் சாகும்வரை அவர் அப்படியே ஒல்லியாக இருப்பார்.

"போகலைம்மா. இனிமே போகவும் போகாது" என்றேன்.

வருகிற திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன்.