கிளட்சில் சுற்றிய காடாத் துணி

ஒன்பது வருடம் என் இடது கைக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பிரேக் பிடிப்பது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் அதற்கு வேறென்ன வேலை இருக்கிறது? வலது கை முறுக்கும், இடது கை அமுக்கும், கால் இரண்டும் பலகையில் சும்மா இருக்கும். அந்த வண்டியில்தான் திருவனந்தபுரம் முழுக்கச் சுற்றினேன். டியூட்டோரியல்களுக்குப் போய்ப் பாடம் எடுத்தேன், குறுக்கே வந்த ஆட்டோக்காரர்களோடு சண்டை போட்டேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே இருக்கும். அதை ஆற்றுகிறவர் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார்.

அவர் என் வீட்டுக்காரர். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடும் வேலை. நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. தினமும் கடை வாசலில் நான்தான் இறக்கிவிடுவேன். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் தவறாமல் கேட்பார், "அண்ணாச்சி, டிரைவருக்குச் சம்பளம் ஒழுங்கா குடுக்கீங்களா?" என்று. "மூணு நேரமும் ஆக்கிப் போடுகேன்லா, அது போதும்" என்பார் இவர். அது உண்மைதான், எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. கேட்டவரை நான் முறைப்பேன், இவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கடைக்குள் ஏறிவிடுவார்.

தமிழ் டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதி, பட்டியலில் பெயர் வந்து, இனி எங்கே கூப்பிடப் போகிறார்கள் என்று நான் மறந்தே போயிருந்த ஒரு ஏப்ரலில் உத்தரவு வந்தது. பொன்முடி போகும் மலைப்பாதையில் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடம். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மறுபடி பரீட்சை எழுத எனக்கு வயது தாண்டிவிட்டது. மேலே தங்க இடம் இல்லை, காலைப் பஸ் போய்ச் சேரும்போது இரண்டாவது பீரியட் தொடங்கியிருக்கும். நெடுமங்காட்டுக்கு வீடு மாறினோம். அங்கிருந்து அவர் பஸ்ஸில் சாலைக் கடைத்தெருவுக்கு இறங்குவார், நான் ஸ்கூட்டரில் மலைக்கு ஏறுவேன் என்பது என் திட்டம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கப் போனோம். ஏற்றத்தில் ஸ்கூட்டர் அழுதது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் இறங்கி நடந்து வந்து, மேலே போய் ஏறிக்கொண்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இறக்கத்தில் நான் இடது கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். நாலைந்து வளைவு தாண்டியதும் கருகிய வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் பிரேக் பிடி கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. வலது பிரேக்கையும் பிடித்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி எப்படியோ நிறுத்தினேன். அடி ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வண்டி நின்னாச்சு. கண்ணத் திறக்கலாம்" என்றேன்.

"நின்னுட்டா?" என்று கேட்டபடி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பு வரவில்லை. நான் ஓட்டும்போது கண்ணை மூடுகிறவரை எதற்காகப் பின்னால் ஏற்ற வேண்டும் என்று வழி நெடுகச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தேன். அடிவாரத்து ஊரான விதுரையில் வொர்க்‌ஷாப்காரர் பிரேக்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இறக்கத்துல எஞ்சினும் சேர்ந்து பிடிக்கணும், டீச்சரே. இதுல பிரேக் மட்டுமே உள்ளு. கியருள்ள வண்டி எடுத்தோளூ."

ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினோம். வலது கையில் முன் பிரேக், வலது காலில் பின் பிரேக். இடது காலின் விரல் பக்கம் மிதித்தால் கியர் ஏறும், குதிகால் பக்கம் மிதித்தால் இறங்கும். இவ்வளவும் இரண்டே நாளில் வந்துவிட்டது. பள்ளியில் டீச்சர்கள் சேலைதான் கட்ட வேண்டும் என்பதால், சுடிதாரில் போய் அங்கே மாற்றிக்கொள்வது என்று அதையும் முடிவு செய்துவிட்டேன். வராதது ஒன்றே ஒன்று. பழைய வண்டியில் பிரேக் இருந்த அதே இடத்தில் இதில் கிளட்ச் இருந்தது. நிறுத்த வேண்டும் என்று நினைத்த உடனே என் இடது கை அதைப் பிடித்து அமுக்கிவிடும். கிளட்சை அமுக்கினால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து வண்டி கயிறு அறுந்த கன்றுக்குட்டி போல ஓடும். ஓட்டிப் பழகிய மைதானத்து ஓரத்தில் கொட்டியிருந்த மணல் குவியலில் அந்த வாரம் மூன்று முறை போய் விழுந்தேன். மைதானத்தில் மணல் இருந்தது, மலையில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது முறை முழங்கையில் தோல் உரிந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டுக்கொண்டே அவர் மெதுவாகச் சொன்னார், "இது வேண்டாம், கேட்டியா. டியூட்டோரியலே போதும். நாம ரெண்டு பேருதானே."

"வேலைய விடச் சொல்லுகேளா?"

"உன்ன விட முடியாதுல்லா. அதான் வேலைய விடச் சொல்லுகேன்."

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று மஞ்சள் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, உங்களைப் போலப் பின் சீட்டிலேயே காலத்தைக் கழிக்க என்னால் முடியாது என்று சொன்னேன். அவர் தரையில் சிந்திய மஞ்சளைத் துடைத்துவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போய்விட்டார். சொன்ன சொல்லுக்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

கியர் வண்டிக்குத் தனி லைசன்ஸ், அந்த டெஸ்டில் எட்டுப் போட வேண்டும். தரையில் கம்பிகள் நட்டு எட்டு மாதிரி வழி விட்டிருப்பார்கள், கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். முதல் வட்டம் நன்றாகப் போனது. இரண்டாவதில் வேகம் கூடிவிட்டது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் இடது கை தன் வேலையைக் காட்டியது. வண்டி கம்பியைத் தட்டியது, நான் காலை ஊன்றினேன். "கால் குத்திப் போயல்லோ, டீச்சரே" என்றார் இன்ஸ்பெக்டர். அடுத்த டெஸ்ட் எட்டு நாள் கழித்து. அதிலிருந்து மூன்றாம் நாள் பள்ளி திறக்கிறது. அதிலும் போனால் எல்லாம் போயிற்று.

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து ஒரு துண்டுத் துணி கொண்டு வந்தார். முரட்டுக் காடா, நாலு விரல் அகலம். வாசலில் நின்ற வண்டியின் கிளட்ச் பிடியில் அதை இறுக்கிச் சுற்றி ஊசியால் தைக்க ஆரம்பித்தார்.

"இது எதுக்கு?"

"கடையில நான் துணியப் பாத்தா எடுக்கேன்? ஆளுகிட்டப் பேசிட்டே இருப்பேன், கை அடுக்குக்குள்ள போயி மல்லு எது, பாப்ளின் எதுன்னு எடுத்துட்டு வந்துரும். கைக்குச் சொல்லிக் குடுத்தா கேக்கும். உன் கைக்கு நீ வாயால ஏசிட்டு இருக்கே. அதுக்குக் காதா இருக்கு?"

பிறகு அவர் செய்ததை அக்கம்பக்கத்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமல், என்னை முன்னால் உட்காரச் சொல்லி அவர் பின்னால் ஏறிக்கொண்டார். நினைத்த நேரத்தில் "நில்லு" என்பார். நான் வலது கையையும் வலது காலையும் அமுக்க வேண்டும். இடது விரல்கள் காடாவில் பட்டால் அந்தச் சொரசொரப்பிலேயே திரும்பிவிட வேண்டும். அமுக்கிவிட்டால் "மணலு" என்பார். கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம். குழம்பில் என்ன போட்டார், யார் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தார்கள் என்று பேசிக்கொண்டே இருப்பார், பேச்சுக்கு நடுவில் திடீரென்று நில்லு என்பார். எதிர்வீட்டுச் சேச்சி வேலி வழியாக, "ரெண்டு பேரும் எவ்விடம் வரைக்கும் போயி?" என்று கேட்டாள். "ஆறாம் வளைவு" என்றார் இவர். ஏழாம் நாள் அவர் ஒருமுறைகூட மணல் என்று சொல்லவில்லை.

டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டேன். இன்ஸ்பெக்டர் கிளட்சில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. அவர் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஏற்றத்தில் அவர் எங்கும் இறங்கி நடக்க வேண்டியிருக்கவில்லை. நேரத்தோடு போய்க் கையெழுத்துப் போட்டேன். நாள் முழுக்க அவர் எஸ்டேட் டீக்கடையில் உட்கார்ந்து, சட்டைத்துணி எதில் எடுக்கலாம் என்று வந்தவர்களுக்கெல்லாம் யோசனை சொன்னார்.

சாயங்காலம் இறங்கினோம். மழை விட்டிருந்தது, ரோடு காயவில்லை. இரண்டாம் கியரில் எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து இறக்கியது. ஸ்கூட்டர் கைவிட்ட அதே வளைவில் திரும்பியபோது, தேயிலைக் கொழுந்து ஏற்றிய லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. என் இடது விரல்கள் போயின. நனைந்த காடாவில் பட்டன. அப்படியே விலகின. வலது கை, வலது கால். வண்டி குலுங்கி, எஞ்சின் இருமி அணைந்து, லாரிக்கு நாலடி முன்னால் நின்றது. டிரைவர் என்னவோ திட்டினார், வழக்கமாக நான் விட்டிருக்க மாட்டேன். அன்று அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தன.

"இன்னைக்குக் கண்ண மூடல்லியா?"

"மூடினா உன் கைய எப்பிடிப் பாக்க?" என்றார்.

மறுநாள் காலையில் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை என் பையில் வைத்துவிட்டுத் தன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். கூட வரட்டுமா என்று கேட்கவில்லை. பின்னால் ஆள் இல்லாததால் வண்டி சுலபமாக ஏறியது, எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. சாயங்காலம் அதே வளைவுக்கு வந்தேன். கீழேயிருந்து பஸ் ஒன்று ஏறி வந்தது. வண்டி நிற்கப் போகும்வரை துணியைத் தொடக்கூட இல்லை, ஓரத்தில் அழகாக நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, "பாத்தீங்களா?" என்று பின்னால் திரும்பிக் கேட்டேன்.