ஒரு நாளைக்கு ரெண்டே வூடு

பிளம்பர் தொழில்ல கஷ்டம் குழாயில இல்லீங்க, போன்லதான் கீது. கூப்பிட்டவங்களுக்கெல்லாம் 'சரி சார்'னு சொல்லிட்டு அப்புறம் முழிக்கிற எலக்ட்ரீஷியன், டெய்லர், கார்பென்டர் எல்லாரும் என் கட்சிதான், உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். நாவலூர்ல இருநூறு வூடு இருக்கிற ஒரு அபார்ட்மென்ட்தான் என் பொழப்பு. அந்த கேட்டுக்குள்ள விடலைன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது.

இடம் பிடிச்ச கதை

எங்க தொழில்ல ஒரு வழக்கம். ஒரு வூட்ல குழாயைக் கழட்டிப் போட்டு, பக்கத்துல ஒரு ரெஞ்சையும் வெச்சிட்டு, 'சாமான் வாங்கியாறேன்'னு அடுத்த வூட்டுக்கு ஓடிடுவோம். பஸ் சீட்ல துண்டு போடுற மாதிரி. அவங்க வேற ஆளைக் கூப்பிட முடியாது.

அன்னிக்கு நாலு வூட்ல இப்படித் துண்டு போட்டேன். அஞ்சாவது, ஏழாம் மாடி டீச்சர் வூடு. பையைத் தொறந்தா வெள்ளை டேப்பு மட்டும்தான் கெடக்குது. ரெஞ்சு, ஸ்பானர், ஆக்ஸா பிளேடு எல்லாம் நாலு வூட்ல காவலுக்கு நிக்குது. டீச்சர் எட்டிப் பாத்துட்டுச் சொன்னாங்க: "பரவால்லண்ணா, குழாய்க்கு ஒரு கட்டுப் போட்டுட்டுப் போங்க, தானா ஆறிடும்."

சோப்பும் செக்ரட்டரியும்

அன்னிக்கே மொட்டை மாடிக்குப் போனேன். அங்க ஒரு வால்வை மூடினா கீழ ஆறு வூட்டுக்குத் தண்ணி நிக்கும். மூடினேன். அதுக்குள்ள பக்கத்து பிளாக்ல இருந்து போன். 'தோ வந்துட்டேன்'னு ஓடினவன் வால்வை அப்படியே மறந்துட்டேன். அரை மணி நேரம் கழிச்சு, இடுப்புல துண்டு, தலை முழுக்க நுரையோட ஒருத்தர் படியிறங்கி வர்றார். பாத்தா அசோசியேஷன் செக்ரட்டரி. ஒரு கண்ணை மட்டும் தொறந்துகினு சொன்னார்: "இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்தா, நீ கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இப்ப ஓடிப்போய் தண்ணியைத் தொற, கண்ணு எரியுது."

சம்சாரம் போட்ட சட்டம்

வூட்ல வந்து சொன்னா என் சம்சாரம் செல்வி பரிதாபமே படல. "ஒரு நாளைக்கு எட்டு வூட்டுக்குப் போறியே, எதுனா ஒண்ணை முடிச்சிக்கினு வந்தியா?"ன்னா. யோசிச்சுப் பாத்தேன். இல்லதான். வெக்கமா போச்சு. காலையில ஒரு வூடு, மத்தியானம் ஒரு வூடு, மத்தவங்களுக்கு நாளைக்குன்னு அவளே முடிவு பண்ணிட்டா. கிராக்கி போயிடுமேன்னு இழுத்தேன். அதுக்கு அவ, "எட்டு வூட்ல திட்டு வாங்குறத வுட, ரெண்டு வூட்ல டீ வாங்கிக் குடி."

வரமாட்டேன்

மறுநாள் அதே டீச்சர் வூட்ல, இந்த வாட்டி ரெஞ்சோட. செக்ரட்டரி போன் பண்றார், சிங்க் அடைச்சிகிச்சாம். 'தோ வந்துகினே கீறேன் சார்' வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டு, "இன்னிக்கு வரமாட்டேன் சார், நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வரேன்"னேன். போனை கட் பண்ணிட்டார். பொழப்பு போச்சுடான்னு நெனச்சேன். ஆனாலும் குழாயை முடிச்சேன். தொறந்தேன், மூடினேன், மறுபடி தொறந்து மூடினேன். ஒரு சொட்டு இல்ல. என் வேலையை நானே நின்னு பாத்து எவ்ளோ நாளாச்சு! சந்தோஷமா இருந்துச்சுங்க. டீச்சர் குடுத்த டீயை உக்காந்து குடிச்சேன்.

அடுத்த நாள் ஒம்போதுக்கு பெல் அடிச்சேன். செக்ரட்டரி கடிகாரத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். "நேத்து வரமாட்டேன்னு சொன்ன, சொன்ன மாதிரியே வரலை. இந்த அபார்ட்மென்ட்ல சொன்ன சொல்லைக் காப்பாத்தின முதல் பிளம்பர் நீதான், உள்ள வா."

இந்த ரெண்டு வூட்டுச் சட்டத்தால இன்னிவரைக்கும் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கினே போற ஒரே குழாய், சட்டத்தைப் போட்ட செல்வியோட சமையக்கட்டுக் குழாய்தான்.