பன்னிரண்டாவது வீச்சு

1. பாலத்தில் வந்த யோசனை

யோசனை வந்தபோது கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். பின்னேரம் ஐந்து மணி இருக்கும். வாவிக்குள் நின்ற ஒருவர் வீச்சு வலையை எறிந்தார். வெயிலுக்கு எதிரே அது வட்டமாக விரிந்து, ஒரு கணம் ஆகாயத்திலேயே நின்றமாதிரி இருந்தது. ஸ்லோ மோஷன், லூப், சுவர் நிறையப் புரொஜெக்டர். இறுதியாண்டு வீடியோ ஆர்ட் வேலை கிடைத்துவிட்டது என்று ஸ்கூட்டியை ஓரங்கட்டிக் குறிப்பெழுதினேன். அந்தக் குறிப்பில் மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவர் பெயர் சூசை. முப்பத்தைந்து வயது. அந்தக் கரையில் வீச்சு வலை என்று கேட்டால் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். படம் எடுக்கலாமா என்று கேட்டதும் உடனே ஓமென்றார்.

2. நிழல்

பொருளுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை நாங்கள் பெக்லைட் என்போம். எனக்கு அது வேணும். வலை லென்ஸை நோக்கி விரியவும் வேணும். அதனால் கரையில் ட்ரைபொட்டை நட்டு, சூசை அண்ணனைச் சூரியனுக்கு முதுகு காட்டி, என்னைப் பார்த்து வீசச் சொன்னேன்.

“இப்பிடி நிண்டா நிழல் முன்னுக்கு விழும் புள்ள” என்றார்.

“விழட்டும் அண்ணன். அதுதான் வடிவு.”

படத்தைப் பற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வீசினார். வெறும் வலை. இன்னொன்று கேட்டேன். பிறகு ஃபிரேம் சரியில்லை, ஃபோகஸ் சரியில்லை என்று மொத்தம் பதினொரு தரம் வீச வைத்தேன். ஒன்றிலும் மீனில்லை. கிளிப் எல்லாம் அருமை.

போதும் என்று நான் வயரைச் சுற்றத் தொடங்கியதும், அவர் சூரியனைப் பார்க்கத் திரும்பினார். வெகு நேரம் அசையாமல் நின்றார். வீசினார். வலை முழுக்க மணலை என்கிற மீன் துள்ளியது. கெமராவை நான் இன்னும் நிற்பாட்டியிருக்கவில்லை, அதுவும் பதிவாகிவிட்டது. நாலு மீனை ஷொப்பிங் பேக்கில் போட்டுத் தந்தார். அம்மா குழம்பு வைத்தா. நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

3. எடிட்

பதினொரு வெறும் வலைகளையும் வரிசையாக வைத்து லூப் பண்ணிப் பார்த்தேன். அர்த்தம் தானாக வந்து நின்றது: வாவியில் மீனில்லை, மனிதன் வீசிக்கொண்டே இருக்கிறான். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ‘மீனற்ற வாவி’ என்று தலைப்பு வைத்து, அரைப் பக்கக் குறிப்பும் எழுதினேன். பன்னிரண்டாவது கிளிப் அந்த அர்த்தத்தைக் கெடுத்தது. ‘தேவையில்லாதது’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதைப் போட்டேன்.

4. கண்காட்சி

சூசை அண்ணனை நான்தான் கூப்பிட்டேன். வெள்ளைச் சேர்ட் போட்டு, மனிசியின் தம்பியையும் கரையில் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சுவரில் அவர் இரண்டாள் உயரத்தில் வீசினார், வெறும் வலையை இழுத்தார், வீசினார், இழுத்தார்.

“என்ன மச்சான், மீன் பிடிக்கிறியா, வலையக் கழுவுறியா?” என்றார் மனிசியின் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள். “சூரியனுக்கு முதுகக் காட்டிக்கொண்டு ஆரும் வீசுவானா? நிழலக் கண்டா மணலை நிக்குமா?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்களுக்குப் புள்ளி போடும் மிஸ் பக்கத்தில் வந்து, என் குறிப்பைக் காட்டி அவரிடம் கேட்டா: “அண்டைக்கு ஒரு மீனும் படவே இல்லையா?”

அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேணும். திறக்கவில்லை.

“இல்ல மிஸ்” என்றார். “அண்டைக்கு எனக்குக் கை சரிவரல்ல.”

அவருடைய ஆட்கள் முன்னால், அதே கரையில் நாளைக்கும் வலையோடு நிற்க வேண்டியவர், அப்படிச் சொன்னார். வெளியே போகும்போது மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்: “மணலை நல்லா இருந்ததா புள்ள?”

ஓம் என்று தலையாட்டினேன்.

5. இனி

படிக்கிற தம்பி தங்கைகளுக்குச் சொல்வதற்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. லூப் பொய் சொல்லாது, ஸ்லோ மோஷனும் பொய் சொல்லாது. ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிற ஆள் சொல்லும். தொழில் தெரிந்தவர் ஒரு வசனம் சொன்னால், அது உங்கள் ஃபிரேமைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

மிஸ்ஸிடம் போய் முழுவதையும் சொன்னேன். புள்ளியை நிறுத்திவைத்து, திரும்பச் செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறா. அது லேசு. மற்றது சனிக்கிழமை. கரைக்குப் போய், சூசை அண்ணனின் மனிசியின் தம்பியும் நிற்கிற நேரமாகப் பார்த்து, மடிக்கணினியில் பன்னிரண்டாவது வீச்சை எல்லாருக்கும் போட்டுக் காட்டி, மற்றப் பதினொன்றும் ஏன் வெறுமையாக வந்தது என்று என் வாயால் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகும் சூசை அண்ணன் விட்டால், இன்னொரு ஷொட். வெட்டு இல்லை, லூப் இல்லை, அவர் அசையாமல் நிற்கிற நேரமும் முழுதாக. அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ, அவருக்குப் பின்னால், தண்ணிக்குள், நான்.